சேலத்தில் சின்ன இசைக்குழுவுக்கு மேடை கிடைக்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்மாபேட்டையில் ஒரு வீட்டு மாடி அறையில் ஒத்திகை பார்க்கும் நான்கு பேர் குழு எங்களுடையது. நான் கீபோர்டு. கிட்டாருக்கு ஒருவர், தபேலாவுக்கும் ரிதம் பேடுக்கும் (தட்டினால் தாளம் எழுப்பும் மின்கருவி) சேர்த்து ஒருவர், பாட ஒரு தங்கை. ஆரம்பித்தபோது ஏழு பேர் இருந்தோம். வாரத்துக்கு ஒரு தடவையாவது கிட்டார் பையோடு யாராவது ஒரு கல்லூரிப் பையன் மாடியேறி வந்து, "அண்ணா, எங்களுக்கு புரோகிராமே கிடைக்க மாட்டேங்குது, என்ன பண்றது?" என்று கேட்கிறான். அவர்களிடம் சொன்னதையெல்லாம் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன். சேலத்தையும் ஏற்காட்டையும் வைத்தே எழுதியிருக்கிறேன். வேறு ஊரில் நிலவரம் வேறாக இருக்கலாம்.

சேலத்தில் மேடைக் கச்சேரியே குறைந்துவிட்டது என்கிறார்களே, உண்மையா?

மேடை குறையவில்லை. ஆடியில் கோட்டை மாரியம்மன் கோயிலில் பூச்சாட்டுதல் நடந்தால் போதும். குகை, அம்மாபேட்டை, செவ்வாய்பேட்டை, பொன்னம்மாபேட்டை என்று பேட்டைக்கு பேட்டை மாரியம்மன் கோயில்களில் விழா களைகட்டிவிடும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கமிட்டி, ஒவ்வொரு கமிட்டிக்கும் ஒரு மேடை. குகையில் வண்டி வேடிக்கை (சாமி வேடமிட்டவர்கள் அலங்கார வண்டிகளில் வரும் ஊர்வலம்) பார்க்க ராத்திரி முழுக்க நிற்கும் கூட்டத்தைப் பார்த்தவர் யாரும் இந்த ஊரில் ரசிகர் இல்லை என்று சொல்ல மாட்டார்கள்.

குறைந்தது, அந்த மேடையில் பாட்டுக்கென்று ஒதுக்கும் பணம். ஒரு ஆடியில் கமிட்டிக்காரர் ஒருவர் செலவு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு என்னிடம் பேசினார். பூ அலங்காரம், சீரியல் லைட், அன்னதானம், செண்டை மேளம், வாணவேடிக்கை, எல்இடி திரை என்று எல்லாம் நீல மையில் எழுதி, எதிரே தொகையும் போட்டிருந்தது. கடைசி வரியில் 'பாட்டு' என்று பென்சிலில் இருந்தது. எதிரே தொகை இல்லை. "மத்ததெல்லாம் முடிச்சுட்டு மிச்சம் இருக்கறதப் பொறுத்துதான் கண்ணு" என்றார். மனதில் இருந்ததை ஒளிக்காமல் சொன்ன அந்தப் பெரியவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நாம் செய்ய வேண்டிய வேலை அந்தப் பென்சில் வரியைப் பேனா வரியாக மாற்றுவது. கீழே எழுதியிருப்பதெல்லாம் அதற்கான வழிகள்தான்.

கையில் பணம் உள்ள கமிட்டிகள் டிவி பாட்டுப் போட்டியில் வந்த ஒருவரைக் கூப்பிட்டு, போஸ்டரில் அவர் முகத்தைப் போடுகின்றன. இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. அவருக்குப் பின்னால் வாசிக்க ஒரு குழு வேண்டும். வெளியூரிலிருந்து எட்டுப் பேரை அழைத்து வந்து தங்க வைப்பதைவிட உள்ளூர்க் குழு கமிட்டிக்கு லாபம். பாட்டுப் பட்டியலையும் சுருதியையும் நாலு நாள் முன்பே கேட்டு வாங்கித் தயாராகப் போங்கள். எங்களுக்குப் பெரிய மேடைகள் இப்படித்தான் வந்தன.

எந்த மாதத்தில் எந்த வாய்ப்பு வரும்?

தை பிறந்ததும் கல்யாண வரவேற்புகள் தொடங்கும். மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி என்று முகூர்த்த நாட்களை ஒட்டி ஓடும். ஆடியில் கல்யாணம் இல்லை, அம்மன் கோயில்கள் உண்டு. ஆவணியில் முகூர்த்தமும் விநாயகர் சதுர்த்தியும் சேர்ந்து வரும். புரட்டாசி காய்ந்து கிடக்கும். அந்த மாதத்தில் கருவிகளைப் பழுது பார்ப்போம், புதுப் பாட்டு சேர்ப்போம். ஐப்பசி, கார்த்திகையில் மறுபடி கல்யாணம். மார்கழியில் கீழே ஒன்றும் இருக்காது. கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் மலைமேல் ஏற்காட்டில் கூப்பிடுவார்கள்.

புது வருடப் பஞ்சாங்கம் வந்த அன்றே முகூர்த்த நாட்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். தேர்தல் வருடமா என்பதையும் பாருங்கள். நடத்தை விதிகள் அமலுக்கு வந்தால் கோயில் மேடைகளுக்கு அனுமதி வாங்குவது இழுத்தடிக்கும், தேதி தள்ளிப்போகும்.

"நாங்க பேண்டு" என்றால் ஏன் யாருக்கும் புரிவதில்லை?

இந்த ஊரில் பேண்டு என்றால் பேண்டு வாத்தியம்: சீருடை, டிரம்பெட், தெரு ஊர்வலம். எங்களிடம் வந்த ஒரு தம்பியின் குழுவுக்கு முதன்முதலாக வந்த போனில், "பொண்ணழைப்புக்கு எத்தனை பேர் வருவீங்க, டிரஸ் என்ன கலர்?" என்று கேட்டிருக்கிறார்கள். அவன் விளக்கி முடிப்பதற்குள் போனை வைத்துவிட்டார்கள்.

போனில் முதல் வாக்கியத்திலேயே, "இன்னிசைக் கச்சேரிங்க, நாலு பேர், ரிசப்ஷனுக்கு மூணு மணி நேரம் வாசிப்போம், பழைய பாட்டு புதுப் பாட்டு ரெண்டும் உண்டு" என்று சொல்லிவிடுங்கள். குழுவின் பெயர் எந்த மொழியில் வேண்டுமானாலும் இருக்கட்டும். பெண்ணின் அப்பாவுக்குப் புரியும்படி ஒரு வரி அவசியம், ஏனென்றால் பணம் கொடுப்பவர் அவர்.

ஏஜென்ட் இல்லாமல் புரோகிராம் பிடிக்க முடியுமா?

முடியும், நேரமாகும். இப்போது கல்யாண வீட்டுக்காரர்கள் மேடை அலங்காரம், வரவேற்பு நடனம், டிஜே, போட்டோ எல்லாவற்றையும் ஒரே ஈவென்ட் மேனேஜ்மென்ட்காரரிடம் மொத்தமாகக் கொடுத்துவிடுகிறார்கள். அந்தப் பட்டியலில் குழுவின் பெயர் இல்லாவிட்டால் நம்மை யாருக்கும் தெரியாது. ஆகவே இரண்டு மூன்று ஈவென்ட்காரர்களிடம் பழக்கம் இருக்கட்டும். கமிஷன் எவ்வளவு என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். பார்ட்டியிடம் அவர்கள் என்ன தொகை சொன்னார்கள் என்று துருவிக்கொண்டிருக்க வேண்டாம். நமக்கு வர வேண்டியது வந்தால் சரி.

ஆனால் என் அனுபவத்தில் அதிகம் புரோகிராம் வாங்கித் தந்தவர்கள் ஏஜென்ட்டுகள் இல்லை. சவுண்டு சர்வீஸ் வைத்திருப்பவர், பந்தல் போடுபவர், மண்டப மேனேஜர், சமையல் மாஸ்டர், இந்த நால்வரும்தான். கல்யாணம் நிச்சயமானதும் பெண் வீட்டார் முதலில் பார்ப்பது இவர்களை. "பாட்டுக்கு யாராவது இருக்காங்களா?" என்று பேச்சுவாக்கில் கேட்பதும் இவர்களிடம்தான். அப்போது நம் பெயர் அவர்கள் வாயில் வர வேண்டும். அதற்கு அவர்களுக்கு நாம் தொந்தரவில்லாத ஆட்களாக இருக்க வேண்டும்: சொன்ன நேரத்துக்கு வருவது, மைக் ஒயரை மிதித்துப் பிய்க்காமல் இருப்பது, கச்சேரி முடிந்ததும் கேபிள் சுருட்ட ஒரு கை கொடுப்பது. எங்கள் தபேலாக்காரர் ஒவ்வொரு புரோகிராமிலும் கேபிள் சுருட்டுவார். எங்களுக்கு வந்த வாய்ப்பில் பாதி அந்தக் கையால் வந்தது என்றுதான் நான் சொல்வேன்.

எவ்வளவு கேட்கலாம்?

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏழு பேர் குழு 25,000 ரூபாய்க்கு ஒத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாடகை சவுண்டு 7,000, வேன் 2,500, கமிஷன் 2,500 போனால் மிச்சம் 13,000. ஆளுக்கு 1,857 ரூபாய். அதற்காக இரண்டு நாள் ஒத்திகை, ஒரு நாள் முழுக்கப் புரோகிராம். அதே ஆட்களில் நான்கு பேர், சொந்தமாக இரண்டு சின்ன ஸ்பீக்கரும் மிக்சரும் வைத்துக்கொண்டு, நேரடியாக 15,000 பேசி, வண்டிக்கு 1,500 கொடுத்தால் ஆளுக்கு 3,375 வரும்.

குழுவைச் சுருக்கியது எனக்கு எளிதாக இல்லை. பேஸ் கிட்டார் வாசித்தவர் என் பள்ளித் தோழர். இப்போதும் பெரிய மேடை வந்தால் அவரைத்தான் கூப்பிடுகிறோம். ஆனால் ஏழு பேரும் பசியோடு இருப்பதைவிட நான்கு பேர் நிலைப்பது மேல் என்று நாங்களே உட்கார்ந்து பேசி முடிவெடுத்தோம்.

தொகை சொல்லும்போது எத்தனை மணி நேரம், எத்தனை பேர், சவுண்டு யாருடையது, சாப்பாடு உண்டா, வண்டி யாருடையது என்ற ஐந்தையும் சேர்த்தே சொல்லுங்கள். "பார்த்துப் போட்டுக் கொடுங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

"இலவசமா வாசிங்க, விளம்பரம் ஆகும்" என்கிறார்களே?

வேண்டாம். எங்கள் தெருக் கோயிலில் வருடத்துக்கு ஒரு நாள் பணம் வாங்காமல் வாசிக்கிறோம், அது வேண்டுதல். மற்ற இடங்களில் சமையல்காரருக்கும் பூக்காரருக்கும் பணம் கொடுத்துவிட்டு நம்மிடம் மட்டும் விளம்பரம் பேசினால் மரியாதையாக மறுத்துவிடுங்கள். ஒரு தடவை இலவசமாக வாசித்த இடத்தில் அடுத்த தடவையும் பணம் கிடைக்காது.

டிராக் போட்டுப் பாடுகிறவர்கள் விலையை இறக்கிவிட்டார்கள். அவர்களோடு எப்படிப் போட்டி போடுவது?

டிராக் என்றால் முன்பே பதிவு செய்த பின்னணி இசை. ஒரு பாடகர், ஒரு லேப்டாப், இரண்டு ஸ்பீக்கர். செலவு குறைவு, பாட்டு சினிமாவில் கேட்ட மாதிரியே வரும். விலையில் அவர்களோடு போட்டி போட முடியாது, போடவும் கூடாது. டிராக்கால் முடியாத ஒன்று நம்மிடம் இருக்கிறது. அதைப் பார்ட்டி கண்ணால் பார்க்கும்படி செய்ய வேண்டும்.

நெத்திமேட்டில் ஒரு வரவேற்பு. எட்டரை மணிக்கு மாப்பிள்ளையின் பெரியப்பா மேடையேறி, "நான் ஒரு பாட்டுப் பாடலாமா?" என்று கேட்டார். எழுபது வயசுக்கு மேல் இருக்கும். கருப்பு வெள்ளைக் காலத்துப் பாட்டு. சுருதி எங்கே பிடிப்பார் என்று தெரியாது. ஆகவே நான் ஒன்றும் வாசிக்காமல் முதல் வரியை அவரையே பாட விட்டு, கேட்டுப் பிடித்துக்கொண்டேன். பல்லவி முடிந்ததும் சரணத்தை மறந்துவிட்டார். ஒரு நொடி நின்று, மறுபடி பல்லவிக்கே போனார். தபேலாவும் கூடவே திரும்பியது. அடுத்த சரணத்தின் நடுவில் இருந்து ஆரம்பித்தார். கிட்டார் அங்கேயே போய்ச் சேர்ந்துகொண்டது. பாடகித் தங்கை அவருக்குப் பின்னால் மெல்லிய குரலில் அடுத்த வரியை எடுத்துக் கொடுத்தாள். பந்தியில் இருந்தவர்கள் இலையை விட்டு எழுந்து வந்து பார்த்தார்கள். பெரியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

டிராக்கில் சுருதியை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஒரு பெரியவர் சரணத்தை மறந்தால் டிராக் அவருக்காகக் காத்திருக்காது. அந்தக் குடும்பத்திலிருந்து மட்டும் எங்களுக்கு அப்புறம் மூன்று புரோகிராம் வந்தது. ஆகவே ஒவ்வொரு வரவேற்பிலும் வீட்டு ஆட்கள் பாட இரண்டு இடம் ஒதுக்குங்கள். இதை முன்கூட்டியே பார்ட்டியிடம் சொல்லுங்கள். நாமே டிராக் போட்டுக்கொண்டு வாசிப்பது போலக் கையை அசைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். அப்படிச் செய்தால் நம்மைக் கூப்பிட வேறு காரணமே இருக்காது.

"சவுண்டைக் குறைங்க" என்று எல்லா ரிசப்ஷனிலும் சொல்கிறார்களே?

சொல்வது நியாயம். ஒரு வருடம் பார்க்காத சொந்தக்காரர்கள் அங்கேதான் பார்த்துப் பேசுகிறார்கள். முதல் அரை மணி நேரம் கருவி இசை மட்டும், மெதுவாக. கூட்டம் உட்கார்ந்த பிறகு குரல். ஸ்பீக்கரைப் பந்தி நடக்கும் பக்கம் திருப்பாதீர்கள்.

போலீஸ் அனுமதி யார் வாங்க வேண்டும்? பத்து மணிக்கு நிறுத்தியே ஆக வேண்டுமா?

அனுமதி வாங்குவது விழா நடத்துபவர் பொறுப்பு. ஆனால் வாங்கிவிட்டார்களா என்று கேட்டு, முடிந்தால் நகலைப் போனில் அனுப்பச் சொல்லி வாங்கி வைத்துக்கொள்வது நம் பொறுப்பு. மனுவில் 'ஆடல் பாடல்' என்று எழுதினால் ஸ்டேஷனில் கேள்விகள் அதிகம் வரும். நாம் செய்வது இன்னிசை நிகழ்ச்சி என்றால் அப்படியே எழுதச் சொல்லுங்கள்.

2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. கலை, சமய விழாக்களுக்காக மாநில அரசு வருடத்துக்கு அதிகபட்சம் 15 நாட்களுக்கு 12 மணி வரை தளர்வு கொடுக்கலாம். உங்கள் புரோகிராம் அந்த 15 நாளில் வருகிறது என்று நீங்களாக நினைத்துக்கொள்ளாதீர்கள். மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். பொது இடத்தின் எல்லையில் ஒலி எந்த நிலையிலும் 75 டெசிபலைத் தாண்டக் கூடாது, குடியிருப்புப் பகுதியில் இன்னும் குறைவு. கூம்பு ஒலிபெருக்கி வேண்டாம், பெட்டி ஸ்பீக்கர் போதும்.

நடைமுறையில் சிக்கல் எங்கே வருகிறது என்றால், கோயிலில் ஏழு மணிக்கு ஆரம்பிக்க வேண்டிய கச்சேரி, பூஜை, சாமி புறப்பாடு, பிரமுகர்களுக்குப் பொன்னாடை எல்லாம் முடிந்து எட்டே முக்காலுக்குத்தான் ஆரம்பிக்கும். மிச்சம் ஒன்றேகால் மணி நேரம். மூன்று மணி நேரத்துக்குப் பட்டியல் வைத்திருந்தால் கமிட்டிக்குப் பிடித்த பாட்டு வராமலே மணி பத்தாகிவிடும். நாங்கள் இப்போது எழுபது நிமிடப் பட்டியல் ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறோம். சாமி பாட்டு மூன்று, கூட்டம் எழுந்து ஆடும் பாட்டு நான்கு, பழையது நான்கு, கடைசியில் அம்மன் பாட்டு. பத்தாவதற்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது நாமே நன்றி சொல்லி முடித்துவிட்டால், மேடைக்குக் கீழே காவலுக்கு நிற்பவருக்கும் நல்லது, அடுத்த வருடம் கமிட்டிக்கும் நம்மேல் நம்பிக்கை.

மேடைக் கரண்ட்டில் கருவி கெட்டுப்போகாமல் காப்பது எப்படி?

இதை யாரும் கேட்பதில்லை, நானே சேர்க்கிறேன். தற்காலிகமாக இழுத்த லைனில் நியூட்ரல் கம்பி விட்டுப்போனால் 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400 வரை ஏறிவிடும். ஒரு ஆடி வெள்ளியில், கம்பத்திலிருந்து கொக்கி போட்டு இழுத்த லைனில் என் கீபோர்டு அடாப்டர் புகைந்தது. தவணை முடியாத கீபோர்டு. மேடையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

சின்ன மல்டிமீட்டர் ஒன்று சில நூறு ரூபாய்தான். பிளக்கைச் செருகும் முன் வோல்ட் பாருங்கள், சீரியல் லைட்டும் ஹாலோஜனும் போட்ட பிறகு மறுபடி பாருங்கள். மைக்கைத் தொட்டால் உதட்டில் சுருக்கென்றால் எர்த் சரியில்லை. சரி செய்யும் வரை பாடகரைப் பாட விடாதீர்கள். ஜெனரேட்டர் இருந்தால் டீசல் நிரப்பும்போது நிறுத்துவார்கள், அதற்கு முன் சொல்லச் சொல்லுங்கள்.

சினிமாப் பாட்டு வாசித்தால் காப்புரிமைப் பணம் கட்ட வேண்டுமா?

1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம், பிரிவு 52இல் சமயச் சடங்குகளில் இசைப்பதற்கு விலக்கு இருக்கிறது. திருமண ஊர்வலமும் திருமணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களும் அதில் அடங்கும் என்று சட்டத்திலேயே விளக்கமும் உண்டு. 2023 ஜூலையில் மத்திய அரசின் தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக ஊக்குவிப்புத் துறை இதை மறுபடி அறிவிப்பாகவே வெளியிட்டது. மண்டபத்தில் யாராவது கேட்டால் இதைச் சொல்லலாம்.

டிக்கெட் போட்ட கச்சேரி, ஓட்டல், ரிசார்ட் ஆகியவை வேறு. அங்கே பாட்டின் இசைக்கும் பாடல் வரிகளுக்கும் உரிமம் வேண்டும். 1969இல் தொடங்கிய ஐபிஆர்எஸ் என்ற அமைப்பு இசையமைப்பாளர், பாடலாசிரியர் சார்பில் அதை வழங்குகிறது. நடத்துபவர்தான் வாங்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். 2017இல் இளையராஜா தரப்பிலிருந்து எஸ்.பி.பாலசுப்ரமணியத்துக்கே அமெரிக்கக் கச்சேரிப் பயணத்தின்போது வக்கீல் நோட்டீஸ் போனது. பாட்டை உருவாக்கியவருக்கு அதில் உரிமை உண்டு என்பதைப் பாடிப் பிழைக்கும் நாமே முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம்.

ஜிஎஸ்டி?

சேவைக்கு வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு. சின்னக் குழு அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூட வராது. ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: கலைஞர்களுக்கான தனி விலக்கு நாட்டுப்புறக் கலைக்கும் செவ்வியல் கலைக்கும்தான், சினிமாப் பாட்டுக் கச்சேரி அதில் வராது.

ஏற்காட்டில் வாய்ப்பு அதிகம் என்கிறார்களே, எப்படிப் போவது?

வாய்ப்பு உண்டு. சனிக்கிழமை இரவுகளில் ரிசார்ட்டுகளில் கேம்ப் ஃபயர் பக்கத்தில் வாசிக்க இரண்டு மூன்று பேர் குழுவைக் கேட்கிறார்கள். பெங்களூரிலிருந்து வருகிற கூட்டம் அதிகம் என்பதால் தமிழோடு கன்னடம், இந்தியில் பத்துப் பதினைந்து பாட்டாவது வேண்டும். கீழே வேலை இல்லாத மார்கழியில் மேலே புத்தாண்டு இரவு இருப்பது பெரிய ஆறுதல்.

மேலே போகிற செலவை மட்டும் குறைத்து மதிப்பிடாதீர்கள். சேலத்திலிருந்து முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனால் 20 கொண்டை ஊசி வளைவு. வேனில் கட்டாமல் வைத்த ஸ்பீக்கர் நாலாவது வளைவிலேயே கிட்டார் மேல் சாயும். ராத்திரி பத்துக்கு முடித்துவிட்டு, பனியில் அடுத்த வளைவு தெரியாமல் இறங்குவது ஆபத்து. தங்க அறை கொடுத்தால் மட்டும் ஒத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் ஒரு நாள் முன்பே பாதை நிலவரம் கேளுங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மண் சரிந்து மலைப் பாதை தடைபட்டது நினைவிருக்கும். மழையால் ரத்தானால் அட்வான்ஸ் யாருக்கு என்பதையும் முன்பே பேசிவிட வேண்டும்.

இன்னொரு விஷயம் ஈரம். 1,500 மீட்டர் உயரத்தில் டிசம்பர் இரவில் பனி இறங்க ஆரம்பித்தால் தபேலாவின் தோல் தளர்ந்து சுருதி இறங்கிக்கொண்டே போகும். முதல் தடவை போனபோது எங்கள் ஆள் ஒவ்வொரு பாட்டுக்கு நடுவிலும் சுத்தியலால் தட்டித் தட்டிச் சேர்த்தார். ஐந்தாவது பாட்டில் கை ஓய்ந்துவிட்டது. அப்புறம் தபேலாவை ஒரு துண்டில் சுற்றி நெருப்புக்கு நாலடி தள்ளி வைத்துவிட்டு, இரண்டு பாட்டை ரிதம் பேடில் ஓட்டினார். துண்டைப் பிரித்துத் தட்டினால் தோல் மறுபடி விறைத்து, ஓசை கணீரென்று எழுந்தது. அன்றிலிருந்து மலைக்குப் போனால் இரண்டு தபேலா எடுத்துப் போகிறோம். ஒன்று கையில், ஒன்று கணப்பில்.

சுற்றிலும் எஸ்டேட்டும் கிராமங்களும் இருக்கின்றன. மலையில் ஒலி பள்ளத்தாக்கைத் தாண்டிப் போகும். வாசிக்க ஸ்பீக்கர் ஒன்றே போதும்.

மே மாதக் கோடை விழாவில் வாசிக்க முடியுமா?

ஏற்காட்டில் மலர்க்காட்சியோடு நடக்கும் கோடை விழாவின் மேடையை மாவட்ட நிர்வாகமும் அரசுத் துறைகளும் சேர்ந்து ஏற்பாடு செய்கின்றன. கலை பண்பாட்டுத் துறைக்குச் சேலத்தில் மண்டல மையம் இருக்கிறது. குழுவின் விவரம், போட்டோ, வாசித்த இடங்களின் பட்டியல் ஆகியவற்றை வைத்து அங்கே மனு கொடுத்து வையுங்கள். மே மாத விழாவுக்கு ஏப்ரல் கடைசியில் ஓடினால் நடக்காது, பொங்கலுக்கே போங்கள். நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு முன்னுரிமை இருக்கும், அது சரியானதுதான். அரசுப் பணம் வங்கிக் கணக்குக்கு, சிறிது தாமதமாக வரும். குழுப் பெயரில் கணக்கு ஒன்று தொடங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சொந்தப் பாட்டு வாசிக்க சேலத்தில் இடம் இருக்கிறதா?

இந்தக் கேள்வி கேட்கும்போதுதான் பையன்களின் குரல் தணிகிறது. நேரடியாகச் சொல்கிறேன்: சொந்தப் பாட்டுக்கென்றே டிக்கெட் வாங்கி வரும் கூட்டம் இங்கே இன்னும் சேரவில்லை. சென்னைக்கும் பெங்களூருக்கும் போய் ஒரு கஃபேயில் நாற்பது நிமிடம் வாசித்துத் திரும்பினால் ரயில் செலவுகூட தேறாது.

ஆனால் வழி உண்டு. கல்லூரி விழாக்கள் ஒன்று; மாணவர்கள் புதுசைக் கேட்பார்கள், மாணவர் குழுவே ஆளை முடிவு செய்யும் கல்லூரியாகப் பாருங்கள். ஃபேர்லேண்ட்ஸ் பக்கத்துக் கஃபேக்களில் கூட்டம் குறைவான வார நாள் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். மூன்றாவது, எங்களுக்குக் கைகொடுத்தது: தெரிந்த பாட்டுகளுக்கு நடுவில் ஒன்று. நான்கு சினிமாப் பாட்டுக்கு அப்புறம் ஒரு சொந்தப் பாட்டை, இது எங்களுடையது என்று சொல்லி வாசியுங்கள். பாட்டில் இந்த ஊர் இருக்கட்டும். தறிச் சத்தத்தைத் தாளமாக வைத்து எங்கள் கிட்டார்க்காரர் ஒரு பாட்டு செய்தார். அம்மாபேட்டைக் கோயில் மேடையில் அதை வாசித்தபோது, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த நெசவாளர் ஒருவர் காலால் மிதி போட்டுக்கொண்டே கேட்டார். அடுத்த ஆடியில் அவர்கள் கமிட்டியே அந்தப் பாட்டைக் கேட்டு வாங்கியது.

பேசிய பணத்தைக் குறைத்தால்?

அட்வான்ஸ் பாதி, மீதி கடைசி மூன்று பாட்டுக்கு முன். பந்தல் பிரித்த பிறகு பணம் கேட்டு நிற்காதீர்கள். எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியாக எழுதி, "சரி" என்ற பதிலை வாங்கிக்கொள்ளுங்கள். இதை எழுதும்போது எனக்கு ஒரு கமிட்டி ஞாபகம் வருகிறது. பேரைச் சொல்லப் போவதில்லை. இரண்டாயிரம் குறைத்துக் கொடுத்து, "அடுத்த வருஷம் சேர்த்து வாங்கிக்கோ தம்பி" என்றார்கள். அடுத்த வருடம் கமிட்டியே மாறிவிட்டது.

பெண்கள் குழுவில் இருந்தால் என்ன கவனிக்க வேண்டும்?

உடை மாற்ற உள்தாழ்ப்பாள் போட்ட அறை, கழிப்பறை, வீட்டு வாசல் வரை வண்டி. இந்த மூன்றையும் தொகை பேசும்போதே பேசிவிட வேண்டும். குடித்துவிட்டு மேடைக்குப் பக்கத்தில் யாராவது வந்தால் பாட்டை நிறுத்திவிடுங்கள். எங்கள் தங்கை ஒரு தடவை நிறுத்தினாள். நாங்கள் மூவரும் கையை எடுத்துவிட்டோம். கமிட்டிக்காரர்கள் வந்து அந்த ஆளை அனுப்பிய பிறகே மறுபடி தொடங்கினோம். பாடுகிறவளுக்கு நிறுத்தும் உரிமை உண்டு என்று குழுவுக்குள் முதல் நாளே பேசி வைத்திருந்தது அன்று உதவியது.

வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இறங்கலாமா?

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது பங்குனி, சித்திரை, வைகாசி என்று கையில் இருந்த அத்தனை தேதியும் போனது. வேறு வருமானம் இல்லாதவர்கள் கருவியை விற்றார்கள். நான் பகலில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். நீங்களும் ஒரு வேலையைப் பார்த்துக்கொண்டே வாசியுங்கள்.

ஒத்திகைக்கு இடம் இல்லை, அக்கம்பக்கத்தில் சண்டைக்கு வருகிறார்கள். என்ன செய்யலாம்?

விசைத்தறி ஓடும் தெருவில் அறை தேடுங்கள். எங்கள் மாடிக்குக் கீழ் வீட்டிலும் எதிர் வீட்டிலும் தறி. அது ஓடும்போது நாங்கள் என்ன வாசித்தாலும் வெளியே கேட்காது. ஏழு மணிக்குத் தறியை நிறுத்துவார்கள்; நாங்களும் நிறுத்திவிடுவோம். கிட்டாரோடு வருகிறவர்கள் அதற்கு முன் வாருங்கள்.